கன்னியக்கோயில் தாண்டினால் வெளிநாடு: பக்கத்து நாட்டை எப்படிப் பார்ப்பது?

#1 பாகூரான்

எங்கள் தாத்தா புதுச்சேரிப் பாகூர். பாட்டி பிறந்தது கடலூர் ரெட்டிச்சாவடிப் பக்கம். நடந்தே போய்விடலாம். ஆனால் 1950 வாக்கில் அவர்களுக்குக் கல்யாணம் ஆனபோது மாப்பிள்ளை பிரெஞ்சுக்காரன் சீமை, பெண் இந்தியா. அதற்கு முந்தைய வருடம்தான், 1949இல், இரண்டு பக்கத்துக்கும் இருந்த சுங்க ஒப்பந்தம் முறிந்து சாவடிகளில் கெடுபிடி கூடியிருந்தது.

சீர்வரிசையில் ஒரு பித்தளை அண்டா. அதற்குத் தீர்வை கட்டச் சொல்வார்கள் என்று பாட்டியின் அண்ணன் ராத்திரியில் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரப்பு வழியாகவே பாகூர் வந்து சேர்ந்தாராம். நடு வழியில் நாய் குரைத்ததும் அப்படியே அண்டாவுக்குள் உட்கார்ந்துவிட்டார் என்று பாட்டி சொல்லும்போது தாத்தா மறுப்பார். அண்டா இன்றும் வீட்டில் இருக்கிறது, பொங்கலுக்கு மட்டும் இறங்கும். விளிம்பில் ஒரு நசுங்கல். அது வரப்பில் விழுந்ததா, பிறகு யாரோ போட்டதா என்று இரண்டு கட்சி.

இன்று கன்னியக்கோயில் பக்கம் அந்த எல்லையை ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடந்து கடலூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். பஸ்ஸில் யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவுக்குக் கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி முடிந்தது. அவ்வளவுதான், வெளிநாடு காணாமல் போய்விட்டது.

சரி, இப்போது இலங்கை. 1914 முதல் 1964 புயல் வரை எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்து, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, கொழும்பு வரை போக முடிந்தது. இன்று கொழும்பில் கடைக்காரரிடம் நம் ஊர் யூ.பி.ஐ.யில் பணம் கட்டலாம், 2024 பிப்ரவரியில் வந்துவிட்டது. ஆனால் காரைக்காலில் இருந்து கிளம்பும் மீன்பிடிப் படகு ராத்திரி எங்கே போய் நிற்கும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பணம் போகிறது, ஆள் போக முடியவில்லை. உலகம் சுருங்கிவிட்டது என்கிறார்களே, அது யாருக்குச் சுருங்கியது? உங்கள் அனுபவத்தில் இருந்து சொல்லுங்கள். செய்தித்தாள் வெட்டி ஒட்ட வேண்டாம்.

#2 ஓ.டி. பையன்

எல்லை காணாமல் போகவில்லை தலைவரே. கடலூர் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் சனிக்கிழமை சாயங்காலம் வந்து பாருங்கள். அண்டாவுக்குப் பதில் பாட்டில். வழிமுறை அதேதான்.

அப்புறம் எங்கள் ஊர் எல்லையை எப்படிப் போட்டார்கள் தெரியுமா? 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை வெள்ளைக்காரன் மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையில் இருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழும் தூரம் வரை உள்ள ஊரெல்லாம் எனக்கு என்று பேசி வாங்கினான். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர். உலகத்தில் எல்லா எல்லையும் ஏறத்தாழ இப்படித்தான் போட்டது. நாம்தான் அதற்குப் பிறகு வரைபடம், சரித்திரம், தர்மம் எல்லாம் சேர்க்கிறோம்.

#3 கெடிலம்

பாகூரானின் அண்டா அருமை. ஆனால் உவமை பொருந்தாது. புதுச்சேரியில் நடந்தது பக்கத்து நாடுகள் சமாதானமானது அல்ல. ஒரு பக்கத்துக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான். கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்து 170 பேர் இந்தியா என்றார்கள், பிரெஞ்சுக்காரன் கிளம்பினான். இலங்கை எங்கும் கிளம்பப் போவதில்லை.

ஒப்பிட வேண்டுமானால் வங்கதேசத்தை எடுங்கள். நம் பாகூர், மண்ணாடிப்பட்டு மாதிரி திட்டுத் திட்டாக, ஒரு நாட்டுக்குள் இன்னொரு நாட்டின் ஊர்கள் அங்கே 162 இருந்தன. 2015 ஜூலை 31 நள்ளிரவில் மாற்றிக்கொண்டார்கள். இந்தியா கொடுத்த நிலம் வாங்கியதைவிட அதிகம், ஆனாலும் கொடுத்தார்கள். நாற்பது வருடமாக நிலத்தை எண்ணிக்கொண்டிருந்தவர்கள், அங்கே குடியிருப்பவனுக்கு ரேஷன் கார்டும் ஆஸ்பத்திரியும் இல்லை என்பதைக் கடைசியில்தான் எண்ணினார்கள்.

இன்னொன்று. அந்தப் பழைய எல்லையை ரொம்பக் கேவலமாகவும் பேச வேண்டாம். பாரதியார் பத்து வருடம் புதுச்சேரிப் பக்கம் உயிரோடு இருந்ததே அந்த எல்லையால்தான். 1918 நவம்பரில் அதைத் தாண்டினார், கடலூர் அருகே பிடித்தார்கள், கடலூர் சிறையில் போட்டார்கள். பக்கத்து நாடு என்பது சில சமயம் ஒளிந்துகொள்ள ஒரு திண்ணை.

#4 உலகநோக்கு

அடிப்படையை எல்லாரும் தவறவிடுகிறீர்கள். 2017இல் அம்பாந்தோட்டை துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. 2022இல் இலங்கை திவாலானபோது இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. இது வல்லரசுகளின் ஆட்டம். மீனவர் பிரச்சினை அதில் ஓர் ஓரம்.

#5 வலைமுடிச்சு

அம்பாந்தோட்டையைக் கொஞ்சம் அப்படி வையுங்கள் ஐயா. ஓரம் என்கிற இடத்தில்தான் நாங்கள் குடியிருக்கிறோம்.

நான் தாழங்குடா. அப்பா கடலுக்குப் போனவர், நான் ஃபைபர் படகில் பங்கு வைத்திருக்கிறேன், வார நாளில் வேறு வேலை. கடலூர்க்காரர்கள் பெரும்பாலும் இலங்கைக் கடலுக்குப் போவதில்லை, அதனால் இது ராமேஸ்வரம், நாகை, காரைக்கால் சமாசாரம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொன்னேன்.

ஆனால் எங்கள் கரையிலேயே ஒரு சண்டை இருக்கிறதே. சுருக்குமடி. தெரியாதவர்களுக்கு: மீன் கூட்டத்தைச் சுற்றி வலையை வளைத்து, அடியில் ஓடும் கயிற்றை இழுத்தால் சுருக்குப் பை மாதிரி வாய் மூடிக்கொள்ளும். மத்தி, கானாங்கெளுத்தி கூட்டமே மொத்தமாக வந்துவிடும். ஒரு ராத்திரியில் லட்சம் பார்த்தவர்களும் உண்டு, டீசல் கடனில் நிற்பவர்களும் உண்டு. 2000இல் தமிழக அரசு தடை செய்தது. தடை காகிதத்தில் இருந்தது, வலை கடலில் இருந்தது. 2018இல் கடலூரில் ஊருக்கு ஊர் மோதி உயிரே போனது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள் வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால உத்தரவு போட்டது. மீனுக்குக் கிழமை தெரியுமா என்று என் சித்தப்பா கேட்டார்.

அந்தச் சண்டையில் சின்னப் படகுக்காரன் சொன்ன வார்த்தைகளைக் கவனியுங்கள். எங்கள் கடலை அரித்துவிட்டார்கள். எங்கள் வலையை அறுத்துவிட்டார்கள். பணக்காரப் படகுக்கு அதிகாரி துணை. இதை எழுதி ஊர்ப் பெயரை மட்டும் அடித்துவிட்டு யாழ்ப்பாணத்து மீனவரிடம் காட்டினால், அவர் எழுதியது என்றே நினைப்பார். அவருக்கு அறுப்பது சுருக்குமடி அல்ல, நம் இழுவலை. ஆனால் நிற்கிற இடம் ஒன்று.

இழுவலை எப்படி வேலை செய்கிறது தெரியுமா? வலை வாயின் இரண்டு பக்கமும் கனத்த பலகை. படகு இழுக்க இழுக்கப் பலகைகள் விலகி வாய் அகலும். கீழ் விளிம்பில் ஈயமோ சங்கிலியோ, அது தரையைத் தடவிக்கொண்டே வரும். இறாலோடு குஞ்சு, நண்டு, சங்கு, பாசி எல்லாம் வரும். வழியில் எவனோ மாலையில் விரித்துப் போட்ட வலை இருந்தால் அதுவும் வரும். 1950களில் நார்வே உதவியோடு கேரளத்தில் தொடங்கியது, அப்புறம் நம் பக்கமும் பரவியது. இறால் நமக்காகப் பிடித்தது இல்லை. ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போவதற்காகப் பிடித்தது. பாகூரான் கேட்ட உலகமயம் எங்கள் ஊருக்கு வந்த ரூபம் அதுதான், 1991க்கு ரொம்ப முன்னாடியே, பனிக்கட்டிப் பெட்டியில்.

#6 வடமராட்சி

வணக்கம். நான் பருத்தித்துறைப் பக்கம். இந்த இழையை எனக்கு அனுப்பினது காலாப்பட்டில் இருக்கிற ஒரு சொந்தக்காரப் பொடியன்.

வலைமுடிச்சு அண்ணை எழுதினதை இரண்டு தரம் வாசித்தன். தமிழ்நாட்டில் இருந்து இப்படி ஒராள் எழுதி நான் இப்பத்தான் பார்க்கிறன். மேடையில் தொப்புள்கொடி உறவு எண்டுவினம். அந்தக் கொடி எங்கட நண்டு வலையில் எந்த இடத்தில் கட்டியிருக்கு எண்டு கேட்கத் தோன்றும்.

எங்கட நாட்காட்டி இப்படி. திங்கள், புதன், சனி இரவுகளில் றோலர்கள், உங்கட இழுவலைப் படகுகள், வரும். அந்த இரவுகளில் எங்கட ஆட்கள் பலர் வலை படுக்கிறேல்லை. வாரத்தில் மூன்று இரவு கரையில். போரின்போது எங்களுக்குக் கடல் தடை, போக முடியாது. 2009க்குப் பிறகு கடலுக்கு இறங்கினால் கடலில் வேறு ஆட்கள். 2017இல் எங்கட பாராளுமன்றத்தில் இழுவைமடிக்குத் தடைச் சட்டம் வந்தது, எங்கட ஆட்களுக்கும் சேர்த்துத்தான். 2022இல் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே அடியாக 340 ஆனது. எங்கட சின்ன எஞ்சினெல்லாம் மண்ணெண்ணெய். அந்தக் காசுக்கு எண்ணெய் ஊற்றிப் போய்ப் பார்த்தால் வலை இல்லை, மிதப்பு மட்டும் கிடக்கும். மிதப்பும் சில நேரம் பாதியாய் வெட்டுப்பட்டு.

போன மாதம் என்ர தம்பி மிஞ்சின வலையை முற்றத்தில் விரித்துப்போட்டு ஃபோனில் வீடியோ எடுத்துப் போட்டவன். நடுவில் ஒரு ஆள் நுழையக் கூடிய ஓட்டை. கீழே வந்த கருத்துகளில் பாதி, கச்சத்தீவைத் திருப்பித் தா. அவன் என்னட்டக் கேட்கிறான், அண்ணா, இவங்களுக்கு நான் கச்சத்தீவை எந்தப் பையில் வைத்திருக்கிறன்?

#7 ஓ.டி. பையன்

வலி புரிகிறது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் பேசக் கூடாது. 2025 ஜனவரி 28 விடியற்காலையில் நெடுந்தீவுப் பக்கம் காரைக்கால் படகு மேல் இலங்கைக் கடற்படை சுட்டார்களே. 13 பேரில் இருவருக்குப் படுகாயம், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வலை அறுந்தால் துப்பாக்கியா? எல்லை தாண்டினால் வழக்குப் போடு, அபராதம் போடு. சுடுவது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? சும்மா நம்மையே நாம் குற்றம் சொல்லிக்கொண்டு நல்ல பேர் வாங்க வேண்டாம்.

#8 வடமராட்சி

சுட்டது பிழை. நான் அதைச் சரி எண்டு சொல்லேல்லை. சுட்டவர்கள் எங்கட ஆட்களும் இல்லை. அந்தச் சீருடையை நாங்கள் உங்களுக்கு முன்னமே தெரிஞ்சவர்கள், தம்பி.

#9 மட்டுறுத்துநர்

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. எந்தப் பக்கத்து மக்களையும் இனப் பெயர் சொல்லித் திட்டினால் இழை பூட்டப்படும். பாட்டில் பற்றிய பதிவுகளுக்கு நகைச்சுவைப் பகுதி இருக்கிறது.

#10 காலாப்பட்டு_90

அந்தச் சொந்தக்காரப் பொடியன் நான்தான்.

அப்பா அம்மா 1990இல் படகில் வந்தவர்கள். நான் இரண்டு வருடம் கழித்து இங்கே பிறந்தேன். காலாப்பட்டு தாண்டி ஈ.சி.ஆர். ஓரத்து முகாம். புதுச்சேரியில் படித்தேன், புதுச்சேரியில் வேலை. பேச்சு வழக்கு வெளியே ஒன்று, வீட்டுக்குள் ஒன்று. 1987 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது சட்டம், ஆகவே நான் இந்தியன் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கிறது, இலங்கை இல்லை. 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. வீடுகளும் கொஞ்சம் மாறின. நான் மாறவில்லை.

போன வருடம் அப்பம்மா பருத்தித்துறையில் இறந்துவிட்டார். போவதற்கு அனுமதி, பயண ஆவணம், திரும்பி வர அனுமதி என்று கேட்டு ஓர் அலுவலகத்தில் இருந்து இன்னோர் அலுவலகம். மூன்றாவது இடத்தில், இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார் ஒருவர். அதற்குள் அங்கே எடுத்துவிட்டார்கள். வாட்சப் வீடியோவில்தான் பார்த்தோம். அம்மா ஃபோனைச் சொம்பில் சாய்த்து வைத்து, முன்னால் விளக்கு ஏற்றினாள். அங்கே யாரோ கையில் பிடித்திருந்ததால் படம் ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் பறை சத்தம் மட்டும் வந்தது, படம் நின்றுவிட்டது. அப்பா நின்றுபோன படத்தை அணைக்க விடவில்லை. சார்ஜ் தீரும் வரை அப்படியே இருந்தது.

நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறது, நாலு மணி நேரம். விளம்பரம் எனக்குத் தினமும் ஃபோனில் வருகிறது. எப்படியோ நான் அந்த ஊர்க்காரன் என்று ஃபோனுக்குத் தெரிந்துவிட்டது. அலுவலகத்துக்குத்தான் தெரியவில்லை.

#11 பாகூரான்

தம்பி, என்ன சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு நாளாக எழுதி எழுதி அழித்தேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் தெருவில் இரண்டு சொல்தா வீடுகள் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை நாங்கள் சொல்தா என்போம். 1962க்குப் பிறகு பிரெஞ்சு நேஷனாலிட்டி வைத்துக்கொள்கிறேன் என்று எழுதிக்கொடுத்தவர்கள். அங்கே அதிபர் தேர்தல் வந்தால் இங்கே புதுச்சேரியிலேயே வாக்குச்சாவடி, வேட்டி கட்டிக்கொண்டு போய் ஓட்டுப் போட்டுவிட்டு, வரும் வழியில் மசால் வடை வாங்கி வருவார்கள். எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நாட்டின் காகிதத்தோடு அறுபது வருடமாக இங்கே குடித்தனம் நடத்துகிறார்கள். யாரும் அவர்களைத் துரோகி என்று சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. பாரிசுக்குக் காட்டிய தாராளத்தை, கோயில் கோபுரத்தில் ஏறினால் தெரிகிற தூரத்து ஊர்க்காரனுக்குக் காட்ட என்ன தடை என்று எனக்குப் புரியவே இல்லை.

கெடிலம் சொன்னது சரி. பிரெஞ்சுக்காரன் போனதால் எல்லை போனது. ஆனால் அண்டாவுக்குத் தீர்வை கேட்ட சாவடி மறந்துபோனதற்கு அது மட்டும் காரணம் இல்லை. இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்தில் பெண் எடுத்ததை ஒரு நாள்கூட நிறுத்தவில்லை.

#12 கெடிலம்

கோபுரத்தில் ஏறினால் யாழ்ப்பாணம் தெரியாது. உணர்ச்சியில் சொன்னது என்று விட்டுவிடுகிறேன்.

பெண் கொடுத்து எடுத்தது அங்கேயும் இருந்தது, கோயில் இருந்தது, படிப்பு இருந்தது. நம் மாவட்டத்தில் சிதம்பரத்திலேயே 1864இல் ஆறுமுக நாவலர் பள்ளிக்கூடம் வைத்தார், யாழ்ப்பாணத்து நல்லூரில் இருந்து வந்து. யாழ்ப்பாணத்தார் கட்டிய மடங்கள் சிதம்பரத்தில் உண்டு. அதெல்லாம் இருந்தும் 1974இலும் 1976இலும் இரண்டு நாடும் கடலில் கோடு போட்டபோது அந்தப் பழக்கம் எதையும் காப்பாற்றவில்லை. 74 ஒப்பந்தத்தில் கச்சத்தீவுக்கு மீனவரும் யாத்திரிகரும் முன்போலப் போய் வரலாம் என்று இருந்தது. 76 கடிதங்களில் ஒருவர் கடலில் இன்னொருவர் மீன் பிடிக்கக் கூடாது என்று வந்தது. இரண்டு மேசையிலும் மீனவர் யாரும் உட்காரவில்லை. சும்மா 285 ஏக்கர் தீவைப் பற்றியே ஐம்பது வருடமாகப் பேசுகிறோம். அந்தத் தீவில் குடிக்கத் தண்ணீர்கூட இல்லை. மீன் தீவில் இல்லை, கடலில் இருக்கிறது.

மீனவர்களே மேசையில் உட்கார்ந்ததும் நடந்தது. 2014 ஜனவரியில் சென்னை, மே மாதம் கொழும்பு. யாழ்ப்பாணத்தார் கேட்டது ஒன்றுதான், இழுவலையை நிறுத்துங்கள். நம்மவர்கள் கேட்டது அவகாசம். அவகாசம் இன்னும் ஓடுகிறது.

#13 வலைமுடிச்சு

அவகாசத்துக்கு 2017இல் ஒரு திட்டமும் வந்தது. பாக் நீரிணை விசைப்படகு 2000த்தை மூன்று வருடத்தில் ஆழ்கடல் படகாக மாற்றுவது. படகு ஒன்று 80 லட்சம். பாதி மத்திய அரசு, ஐந்தில் ஒரு பங்கு மாநில அரசு, மீதியில் 16 லட்சம் வங்கிக் கடன், எட்டு லட்சம் கையில் இருந்து. மாறியது இலக்கில் சின்னப் பங்குதான். சூரை மீனுக்காக வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பது வேறு தொழில். ராத்திரி போய் விடியலில் திரும்புகிறவனிடம், நீ இனி பத்து நாள் கழித்து வா என்றால் குடும்பம், கூலி, பழக்கம் எல்லாம் மாற வேண்டும். படகுக் கடன் கொடுத்தார்கள், அதற்குப் பழக அவகாசம் கொடுக்கவில்லை.

வடமராட்சி சொன்ன திங்கள், புதன், சனி இருக்கிறதே, அதைப் படித்ததில் இருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அந்த மூன்று நாள் எப்படி வந்தது தெரியுமா? ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் சண்டை வந்தபோது நம் அரசு பிரித்துக் கொடுத்தது. விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள். நல்ல தீர்ப்பு. இந்தப் பக்கத்து ஏழைக்கு நாலு ராத்திரி நிம்மதி. அந்த மூன்று ராத்திரி எங்கே போய் இறங்கியது என்று நாம் கேட்கவே இல்லை. கடலுக்கு அந்தப் பக்கமும் நாட்டுப்படகு இருக்கிறது, அவர்களிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. நம் வீட்டுச் சண்டையைத் தீர்த்து, குப்பையைப் பக்கத்து வீட்டில் கொட்டியிருக்கிறோம்.

உலகநோக்கு ஐயா, இதில் சீனா எங்கே வருகிறது என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

#14 உலகநோக்கு

வருகிறது. நாம் இழுக்கிற இழுப்பில்தான் அவர்கள் அந்தப் பக்கம் சாய்கிறார்கள். ஆனால் மூன்று நாள் விஷயம் எனக்குப் புதிது. இனி ஓரம் என்று சொல்ல மாட்டேன்.

#15 ஓ.டி. பையன்

சுட்டது தப்பு என்பதில் இன்னும் மாறவில்லை. மற்றதில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பொங்கலுக்கு நாகப்பட்டினம் கப்பலில் ஒரு நடை போய் வரலாம் என்று நானும் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறோம். மழைக்காலத்தில் அடிக்கடி நிறுத்துகிறார்கள், தேதி பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பாஸ்போர்ட் இருக்கிற யாராவது வருகிறீர்களா? காலாப்பட்டு தம்பி, அங்கே உங்கள் வீட்டுக்குக் கொடுக்க ஏதாவது இருந்தால் என்னிடம் தாருங்கள்.

#16 காலாப்பட்டு_90

அம்மா முறுக்கு சுடுகிறேன் என்கிறாள். ஒரு தூக்கு நிறைய. சுங்கத்தில் கேட்டால் அண்டா இல்லை என்று சொல்லுங்கள்.

#17 வலைமுடிச்சு

வடமராட்சி அண்ணே, தம்பியின் வீடியோ பார்த்தேன். ஓட்டை நீளவாக்கில் போயிருக்கிறது, மேல் கயிறு நன்றாக இருக்கிறது. முழுசாக மாற்ற வேண்டாம், துண்டு வைத்துப் பின்னலாம். கண்ணி அளவு என்ன? நைலானா, நரம்பா?

#18 வடமராட்சி

நண்டு வலை. நரம்பு இல்லை, நைலான். கண்ணி அளவு தம்பியிட்டக் கேட்டுச் சொல்லுறன், அவன் இப்ப கடலில். இன்றைக்கு வியாழன்.